வாழ்நாள் ரசிகர்: ‘கிரேட்ஃபுல் டெட்’ இசைக்குழுவும் அதனைப் பின்தொடர்ந்தோரும்

ஓர் இசைக்குழுவை வாழ்நாள் முழுவதும் விடாது பற்றி நிற்பவரைக் குறிக்க நம்மிடையே வழங்கும் சொல் ‘ரசிகர்’ என்பதாகும். சுவையறிந்தவர் என்பதே அதன் பொருள். ‘ஃபேன்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ வேறொரு வேரிலிருந்து முளைத்தது. கோயிலைக் குறிக்கும் ‘ஃபானும்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, தெய்வ ஆவேசம் கொண்டவர் என்னும் பொருளில் ஒரு சொல் பிறந்து, அது பின்னர்க் குருட்டுப் பற்றுடையோரைச் சுட்டலாயிற்று. அதன் குறுக்கமே இன்றைய ‘ஃபேன்’. சுவையறிதல் ஒன்று, ஆவேசம் மற்றொன்று. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் நாம் இங்கு ஆராயப் புகும் மக்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர்.

‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் அமெரிக்க ராக் இசைக்குழு, கலிபோர்னியா மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரில் 1965-ஆம் ஆண்டு தோன்றியது. தொடக்கத்தில் அதற்கு ‘வார்லாக்ஸ்’ என்று பெயர். அதன் முதன்மைக் கிதார் கலைஞரும் பாடகருமாகிய ஜெர்ரி கார்சியா, அகராதி ஒன்றைப் புரட்டியபோது கண்ணிற்பட்ட தொடரையே புதுப்பெயராகக் கொண்டார் என்பர். ‘நன்றியுள்ள இறந்தோர்’ என்பது அத்தொடரின் பொருள். அது பல நாடுகளில் வழங்கும் ஒரு நாட்டுப்புறக் கதைவகையின் பெயர். கடன் தீர்க்காமல் இறந்த ஒருவனின் உடல் அடக்கம் மறுக்கப்பட்டுக் கிடக்கிறது. வழிப்போக்கன் ஒருவன் தன் கைப்பொருள் அனைத்தையும் கொடுத்து அதனை அடக்கம் செய்கிறான். பின்னொரு நாள் இக்கட்டில் அவனுக்குத் துணைவந்து காப்பாற்றும் அந்நியன், தானே அந்த இறந்தவன் என்று வெளிப்படுத்துகிறான். தள்ளுபடி ஆகமங்கள் என நாம் வழங்கும் நூல்களுள் ஒன்றாகிய தோபித்து நூலை இக்கதையோடு உறவுடையதாகக் கருதும் அறிஞர் உளர். ஆபத்தைப் பொருட்படுத்தாமல் இறந்தோரை அடக்கம் செய்யும் தோபித்தின் மகனுக்கு, வேற்றுருவில் வழித்துணையாக வந்தவர் இரபேல் தூதர் என்பது வாசகர் அறிந்ததே. போதைப்பொருளும் உரத்த ஓசையும் மலிந்த ஒரு சூழலில் இளைஞர் சிலர் விளையாட்டாகத் தேர்ந்த பெயர், பிற்காலத்தில் அவர்தம் ரசிகர்களுக்கு எவ்வளவு பொருந்திப் போயிற்று என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

பீட்டில்ஸ் போன்ற புகழ்பெற்ற குழுவை விடுத்து இக்குழுவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பீட்டில்ஸ் 1966-இலேயே மேடை நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டனர். அவர்களுடைய ரசிகர் மாறாத சில இசைத்தட்டுகளுக்கு ரசிகர். கிரேட்ஃபுல் டெட் ரசிகரோ, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 முறை மேடையேறிய ஒரு குழுவின் ரசிகர். ஒரு நாள் வாசித்ததை மறுநாள் அவ்வாறே வாசிப்பதில்லை என்பதை அக்குழு தன் இயல்பாகவே கொண்டிருந்தது. ‘டார்க் ஸ்டார்’ என்னும் உருப்படி 1968-இல் சிறு இசைத்தட்டாக வெளிவந்தபோது மூன்று நிமிடத்திற்கும் குறைவாகவே இருந்தது. எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு ‘லைவ் டெட்’ இசைத்தட்டில் அதே உருப்படி இருபத்துமூன்று நிமிடங்களுக்கு விரிந்தது. பாட்டு என்பது முடிந்த பொருளன்று, புறப்படும் இடம் மட்டுமே என்னும் இக்கொள்கையை மேற்கத்திய ராக் உலகில் இவ்வளவு பிடிவாதமாகக் கடைப்பிடித்தோர் வேறிலர்.

இவ்வெழுத்தாளன் அக்குழுவின் நிகழ்ச்சி எதனையும் நேரிற் கண்டவனல்லன். ஒலிப்பதிவுகள் வாயிலாகவே அறிந்தவன். ஆயினும் அவ்வழியாகவே அறிந்தோர் அமெரிக்காவிலும் ஏராளம் என்பதால், இது பெருங்குறையாகாது என்று எண்ணுகிறேன்.

ரசிகர்கள் ஒரு கூட்டமாகத் தம்மை உணரத் தொடங்கியது 1971-இல். அவ்வாண்டு வெளிவந்த இசைத்தட்டின் உறையில், பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புமாறு குழுவினர் ஓர் அறிவிப்பை அச்சிட்டிருந்தனர். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. அவர்களுக்கு ‘டெட்ஹெட்’ என்னும் பெயர் நிலைத்தது. 1983 முதல் குழுவே அஞ்சல் வழியாக நுழைவுச்சீட்டு விற்கலாயிற்று; சீட்டு கேட்டு எழுதியோர் உறைகளின் மேல் வண்ணச் சித்திரங்களை மணிக்கணக்கில் வரைந்து அனுப்பினர். அவ்வுறைகள் பலவும் குழுவின் ஆவணங்களோடு இப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் நூலகத்திற் பாதுகாக்கப்படுகின்றன. 2008-இல் குழுவினர் அவற்றை அங்கு ஒப்படைத்தனர்.

இனி ஒலிநாடாக்களைப் பற்றிப் பேச வேண்டும். இப்பொருளின் உயிர்நிலை அதுவே.

பிற குழுக்கள் தம் நிகழ்ச்சியைப் பதிவு செய்வோரைப் பிடித்து வெளியேற்றிய காலத்தில், இக்குழு அவர்களைப் பொறுத்துக்கொண்டது. பின்னர் இடமும் ஒதுக்கிற்று. பதிவாளர்களின் ஒலிவாங்கிக் கம்புகள் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையைச் சுற்றிக் காடுபோல் எழுந்து பிறர் பார்வையை மறைக்கவே, 1984 அக்டோபர் முதல் மேசைக்குப் பின்புறம் அவர்களுக்கெனத் தனிப் பகுதியும் தனிச் சீட்டும் ஏற்படுத்தப்பட்டன. நாடாவை விற்கலாகாது என்பது ஒன்றே விதி. வெற்று நாடாவும் திருப்பி அனுப்ப அஞ்சல் தலையும் அனுப்பினால், முன்பின் அறியாத ஒருவர் தம்மிடமுள்ளதைப் படியெடுத்து அனுப்புவார். பெற்றவர் வேறொருவருக்குப் படியெடுப்பார். இவ்வாறு பணம் கைமாறாத ஒரு பரிமாற்றம் ஒரு கண்டம் முழுவதும் பரவியது.

திருமறைக் கையெழுத்துப் பிரதிகளின் வரலாற்றைக் கற்ற நம் மாணவர்கள் இவ்விடத்தில் தமக்குப் பழகிய ஒன்றைக் காண்பர். ஒவ்வொரு படியும் மூலத்தினின்று ஒரு தலைமுறை விலகியது. ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் மிகும், ஓசையின் கூர்மை குன்றும். ஆகவே நாடாப் பெட்டியின் மேல், இது எத்தனையாம் தலைமுறைப் படி, மேசையிலிருந்து நேரே எடுத்ததா, கூட்டத்தில் நின்று எடுத்ததா என்று குறிப்பது மரபாயிற்று. தொண்ணூறு நிமிட நாடாவில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடமே ஆதலால், நாடாவைத் திருப்பிப் போடும் நேரத்தில் ஒரு பாட்டின் நடுப்பகுதி அறுபடும். அந்த அறுபட்ட இடத்தைக் கொண்டே இரு படிகள் ஒரே மூலத்தினின்று வந்தவை என்று அறிந்தோரும் உண்டு. எழுத்தர் விட்டுவிட்ட வரியைக் கொண்டு சுவடிக் குடும்பங்களைப் பிரித்தறியும் நம் முறைக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. 1987-இல் ‘டெட்பேஸ்’ என்னும் தொகுப்பு நூல் வெளிவந்தது. எந்நாளில், எவ்வூரில், எந்த வரிசையில் எவ்வுருப்படிகள் வாசிக்கப்பட்டன என்பதன் பட்டியலே அது. புறத்தார் கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனம். ஆனால் ஒரு கலையை மதிப்பிட அதன் எல்லா வடிவங்களையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் எந்தத் திறனாய்வாளனுக்கும் உரியது.

இந்த ஒப்பீட்டுச் செவியே டெட்ஹெட் என்பவரின் உண்மையான சாதனை என்பது என் கருத்து. சாதாரண ரசிகர் தம் குழு செய்ததெல்லாம் நன்று என்பார். இவரோ, இன்ன ஆண்டின் இன்ன இரவில் கார்சியா சொற்களை மறந்தார், தாள வாத்தியக்காரர் இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் ஓடினர், மூன்றாம் பாட்டில் மட்டும் பத்து நிமிடம் ஏதோ நிகழ்ந்தது என்று பிரித்துரைப்பார். சலிப்பூட்டும் மணி நேரங்கள் அக்குழுவின் பதிவுகளில் ஏராளம். அதனை முதலில் ஒப்புக்கொள்பவரும் அவரே. குறைகளை அறிந்து அன்புகூர்தல் எளிதன்று. கண்மூடிய பற்று என்னும் பழியிலிருந்து இவர்களை விடுவிப்பது இதுவே.

ஆனால் அச்செவிக்கும் மயக்கங்கள் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் கூடத்தில் 1977 மே 8-ஆம் நாள் நிகழ்ந்த கச்சேரியே குழுவின் தலைசிறந்த நிகழ்ச்சி என்று ரசிகர் பெருந்தொகையினர் ஆண்டுதோறும் கூறிவருகின்றனர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் 2011-ஆம் ஆண்டுத் தெரிவுகளுள் ஒன்றாக அது இடம்பெற்றது. ஆனால் அது எவ்வாறு பரவிற்று? குழுவின் ஒலிப்பதிவாளராயிருந்த பெட்டி கேண்டர்-ஜாக்சன் என்பவர் எடுத்து வைத்திருந்த மூல நாடாக்கள், சேமிப்பறை வாடகை செலுத்தப்படாமையால் 1986-இல் ஏலம் போயின. ஏலத்தில் எடுத்தோர் வாயிலாக அவை பரவியபோது, அதுவரை மங்கிய படிகளுக்கே பழகியிருந்த காதுகள் முதன்முறையாகத் தெளிந்த ஓசையைக் கேட்டன. கார்னெல் இரவு நல்ல இரவு என்பதில் ஐயமில்லை. இரண்டாம் பகுதியில் இரு உருப்படிகள் ஒன்றினுள் ஒன்று கரையும் இடம் கேட்டு மறக்கத்தக்கதன்று. எனினும், அதன் புகழிற் பாதி நாடாவின் தூய்மைக்கே உரியது. சிறந்ததனால் பாதுகாக்கப்பட்டதா, பாதுகாக்கப்பட்டதனால் சிறந்ததாயிற்றா என்னும் கேள்வி, நூல்களின் திருமுறையைப் பற்றிக் கற்றோர்க்குப் புதிதன்று. குழுவே அதனை 2017-இல்தான் முறைப்படி வெளியிட்டது.

என்னைக் கேட்டால், 1972 ஆகஸ்டு 27-ஆம் நாள் ஆரிகன் மாநிலத்தின் வெனிட்டா என்னும் சிற்றூரில், ஒரு சிறு பால்பண்ணை நிறுவனத்தின் இடர் தீர்க்கக் கடும் வெயிலில் நடந்த நிகழ்ச்சியையே உயர்வாகச் சொல்வேன். அன்று வாசித்த ‘டார்க் ஸ்டார்’ முப்பது நிமிடங்களுக்கு நீள்கிறது. கார்சியாவின் கிதாரும் பில் லெஷ்ஷின் தாழ்சுரக் கிதாரும் தலைமை, துணை என்னும் முறையை விட்டுவிட்டு, ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பதுபோல் செல்கின்றன. ஓரிடத்தில் தாளமே கரைந்து, சில நிமிடங்கள் எதுவும் நிகழாதது போலிருந்து, பின் தேடாமலே ஒரு மெட்டு கிடைக்கிறது. அச்சில நிமிடங்களை அஞ்சாமல் பொறுத்திருந்தமையே இவ்விசையின் சிறப்பு. 1977-இல் குழு மெருகேறியிருந்தது, அஞ்சாமை குறைந்திருந்தது.

தாளத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. குழுவின் தாள வாத்தியக் கலைஞராகிய மிக்கி ஹார்ட், தபேலா மேதை அல்லா ரக்காவிடமிருந்து இந்தியத் தாளக் கணக்குகளைக் கற்றவர். பதினோர் எண்ணிக்கை கொண்ட ‘தி இலெவன்’ என்னும் உருப்படியை இக்குழு 1960-களிலேயே வாசித்தது. 1991-இல் ஹார்ட் வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ இசைத்தட்டில் ஜாகிர் உசேனோடு நம் கடம் விநாயக்ராமும் வாசித்தார். உலக இசைக்கென ஏற்படுத்தப்பட்ட கிராமி விருதை முதன்முதலிற் பெற்ற இசைத்தட்டு அதுவே. சென்னைக் கச்சேரி மேடையின் மண்பானை அமெரிக்க ராக் ரசிகரின் அலமாரியில் இடம்பெற்றது இவ்வழியாகத்தான்.

இனி, இப்பற்று ஒரு சமயமா என்னும் கேள்விக்கு வருவோம். புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1986-இல் இக்குழுவின் நிகழ்ச்சியைக் கண்டு வியந்து, பண்டைக் கிரேக்கரின் டயோனிசஸ் விழாக்களோடு அதனை ஒப்பிட்டார். அவ்வாண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இது பற்றிக் கருத்தரங்கும் நடைபெற்றது. அது முதல் யாத்திரை, சடங்கு, பரவசம் என்னும் சொற்களை இக்கூட்டத்தின்மேல் ஏற்றிச் சொல்வது அறிஞர்க்கு வழக்கமாகிவிட்டது. ரசிகருள் சிலரும் அதனை மெய்யென்றே கொண்டனர். ‘அளவிலா அர்ப்பணத்தின் சபை’ என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு சிறு குழுவினர் பொது வாழ்வு மேற்கொண்டு, நிகழ்ச்சிதோறும் அரங்கின் நடைவழிகளில் சுழன்று சுழன்று ஆடினர். கார்சியாவோ, எவர்க்கும் தாம் வழிகாட்டியல்லர் என்பதைப் பேட்டிகளில் மீண்டும் மீண்டும் கூறினார். மேடையில் நின்று பேசுவதையே ஏறத்தாழ முற்றிலும் விட்டுவிட்டார்.

இந்த ஒப்பீடு எனக்கு உடன்பாடன்று. இதனை விரும்பிச் செய்யும் திருச்சபையார் சிலரிடம் ஒரு மறைமுகப் பொறாமை இருப்பதாகவும் ஐயுறுகிறேன்: மூன்று மணி நேரம் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர் கூட்டம் யாருக்குத்தான் வேண்டாம்? கூட்டமும் பரவசமும் இருந்தாற் சமயமாகிவிடும் எனில் சந்தையும் தேர்தல் ஊர்வலமும் சமயமே. ஒரு சமூகத்தின் உள்ளீட்டை அதன் உச்சக்கட்டக் கூத்தில் தேடுவதினும், அதிலுள்ள மெலிந்தோர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதிற் காண்பதே முறை.

அவ்வகையில் இக்கூட்டத்தின் மிகச் சிறந்த அமைப்பு, அறிஞர் அதிகம் பேசாத ஒன்றாகும். இக்குழு எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருள் புழங்கிய கூடுகைகளிற் பிறந்தது. இறுதி வரை அதன் நிகழ்ச்சிகளில் போதை மலிந்திருந்தது. இதனை மழுப்புவதிற் பயனில்லை. குழுவின் தொடக்க காலப் பாடகர் ரான் மெக்கெர்னன் குடியினால் உடல் கெட்டு 1973-இல் இருபத்தேழு வயதில் இறந்தார்; விசைப்பலகைக் கலைஞர் பிரென்ட் மிட்லண்ட் 1990-இல் போதைப்பொருளுக்குப் பலியானார். குடியையும் போதையையும் விட்டொழித்த ரசிகர்கள், இசையையும் சேர்த்து விட்டுவிட வேண்டுமோ என்று கலங்கினர். அவர்கள் 1980-களில் தமக்குள் ஒரு துணைக்கூட்டம் அமைத்து, குடிகாரன் ஒருவனைப் பற்றிய குழுவின் பாட்டொன்றின் பெயரால் தம்மை ‘வார்ஃப் ராட்ஸ்’ என அழைத்துக்கொண்டனர். அரங்கின் ஒரு மூலையில் மஞ்சள் பலூன்களைக் கட்டி வைப்பர். இடைவேளையில் அங்குக் கூடி, ஒருவர்க்கொருவர் துணையாய் நின்று, மீண்டும் தம் இருக்கைக்குச் செல்வர். புகை சூழ்ந்த பேரரங்கில் ஒரு மஞ்சள் பலூன். சுழன்றாடியோரைக் காட்டிலும் இவர்களே என் மனத்தில் நிற்கின்றனர்.

முதற்பகுதியில் ஒத்திவைத்த கேள்வியை இனித் தட்டிக்கழிக்க இயலாது. இத்துணை அன்பு அந்த மனிதனுக்கு என்ன செய்தது?

கார்சியா 1986 ஜூலையில் நீரிழிவின் கடுமையால் நினைவிழந்து சில நாட்கள் சாவின் விளிம்பிற் கிடந்தார். பிழைத்தெழுந்தபோது கிதார் வாசிப்பை ஏறத்தாழ முதலிலிருந்து பயில வேண்டியிருந்தது. டிசம்பர் 15-ஆம் நாள் ஓக்லண்டில் மீண்டும் மேடையேறியபோது அவர் முதலிற் பாடியது, நரை கூடினும் பிழைத்திருப்போம் என்னும் கருத்தமைந்த ‘டச் ஆஃப் கிரே’. மறு ஆண்டு அப்பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடத்தை எட்டியது. முப்பது ஆண்டுகளில் முதற்பத்து இடங்களுக்குள் வந்த அவர்களுடைய பாட்டு அது ஒன்றே. அதன் பின் கூட்டம் கட்டுக்கடங்காமற் பெருகியது. அரங்குகள் போதாமல் விளையாட்டு மைதானங்கள் வேண்டியிருந்தன. சீட்டின்றி வாகன நிறுத்துமிடத்திலேயே நாட்களைக் கழிப்போர் தொகை பெருகிற்று. ஊழியர் பெருகினர், அவர்தம் குடும்பங்கள் பெருகின. ஆண்டுதோறும் பல பத்துக் கச்சேரிகள் இன்றி அந்த அமைப்பு நிற்க இயலாதாயிற்று. 1992-இல் கார்சியா மீண்டும் நோயுற்றார். மீண்டும் எழுந்து வாசித்தார். 1995 ஜூலை 2-ஆம் நாள் இந்தியானா மாநிலத்தின் டீர் கிரீக் அரங்கில், அவரைக் கொல்வதாக மிரட்டல் வந்திருந்த இரவில், சீட்டில்லாதோர் ஆயிரக்கணக்கில் வேலியை உடைத்துப் புகுந்தனர். உள்ளிருந்தோர் அதனைக் கண்டு ஆரவாரித்தனர் என்பதே கசப்பான செய்தி. மறுநாள் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. சீட்டின்றி வராதீர், இல்லையேல் இதுவெல்லாம் முடிந்துபோம் என்று குழுவினர் கையொப்பமிட்டு ரசிகர்க்குக் கடிதம் எழுதினர். ஜூலை 9-இல் சிகாகோவில் கடைசி நிகழ்ச்சி. ஆகஸ்டு 9-ஆம் நாள், போதை மீட்பு இல்லம் ஒன்றில், தம் ஐம்பத்துமூன்றாம் வயதில் கார்சியா மாரடைப்பால் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் எஞ்சியோர் அக்குழுப் பெயரைக் கைவிட்டனர்.

ரசிகரின் அன்பே அவரைக் கொன்றது என்பார் உளர். அது மிகைக்கூற்று. போதையும் நீரிழிவும் புகையும் அவர் உடலில் வேலை செய்தன. தேர்வுகள் பல அவருடையவை. ஆயினும் ரசிகர் குற்றமற்றவர் என்று எளிதில் விடுவிக்கவும் நான் ஆயத்தமாயில்லை. எந்த ஒப்பீட்டுச் செவியை மேலே புகழ்ந்தேனோ, அச்செவியே அவர்க்கு எதிராகச் சாட்சியாகிறது. 1993 முதல் 1995 வரையிலான நாடாக்களிற் கார்சியாவின் தளர்ச்சி இரவுக்கு இரவு பதிவாகியுள்ளது. சொற்களைக் காட்டும் திரை கண்முன் இருந்தும் சொற்கள் தவறுகின்றன. விரல்கள் சுரத்தைத் தேடுகின்றன. இதனை உலகில் எவரினும் நன்கறிந்தவர் டெட்ஹெட். ஒரு நோயாளியின் வெப்பநிலையைக் குறித்து வைப்பதுபோல் தேதியிட்டு, வகைப்படுத்தி, நண்பர்க்குப் படியெடுத்து அனுப்பிய அவர், மறுநாள் அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கினார். மனம் பொறாமல் நிகழ்ச்சிகளுக்குச் செல்வதை நிறுத்திக்கொண்டோரும் இருந்தனர். அவர்களால் எதுவும் மாறிவிடவில்லை. வழிப்போக்கன் கைப்பொருள் கொடுத்து இறந்தோனை அடக்கம் செய்த கதையில் கடன் அடைபடுகிறது. இங்கு, உயிரோடிருந்தவன் களைத்திருந்தபோது அவனுக்கு ஓய்வு அளிக்க எவரிடமும் போதிய கைப்பொருள் இருக்கவில்லை.

பின்வந்த முப்பது ஆண்டுகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சியோர் பல பெயர்களில் கூடினர், பிரிந்தனர். 2015-இல் சாண்டா கிளாராவிலும் சிகாகோவிலும் ஐம்பதாம் ஆண்டு நிகழ்ச்சிகளை நடத்தினர். அவ்வாண்டே பாப் வீயரும் மிக்கி ஹார்ட்டும் பிறரும், தம்மினும் ஒரு தலைமுறை இளையவராகிய ஜான் மேயரைக் கிதாருக்கு அமர்த்தி ‘டெட் அண்டு கம்பெனி’ என்னும் குழுவை அமைத்தனர். மேயரின் கைத்திறன் குறைவற்றது. ஆனால் அக்குழுவின் தாளகதி மந்தமானது. பழைய பாட்டுகள் நோயிலிருந்து எழுந்தோர் நடப்பதுபோல் நடக்கின்றன. கைப்பிடியின்றி விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் வாசிப்பில் இல்லாதபோது, அச்சமின்மைக்கும் பொருளில்லாமற் போகிறது. 2024-இல் லாஸ் வேகஸ் நகரின் கோள வடிவ அரங்கில் மாபெரும் திரைக்காட்சிகளோடு அவர்கள் வாசித்ததும், 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் அறுபதாம் ஆண்டைக் கொண்டாடியதும் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. பில் லெஷ் 2024 அக்டோபரிலும், பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டர் 2019-இலும் மறைந்தனர்.

ஆயினும் எழுபது வயது கடந்த ரசிகர் எதனைக் கேட்க வருகிறார் என்பது கவனிக்கத்தக்கது. ஹண்டர் தம் இருபதுகளின் இறுதியில் எழுதிய பாடல்கள் வியப்புக்குரியவை. ‘ரிப்பிள்’, ‘புரோக்டவுன் பேலஸ்’ முதலியவற்றை 1970-இல் இலண்டனில் ஒரே பிற்பகலில் எழுதி முடித்ததாக அவரே கூறியுள்ளார். முன்னதில் இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் நீரும் பாத்திரமும் நிழலாடுகின்றன. பின்னது ஆற்றங்கரையிற் கண்மூடுதலைப் பற்றியது. இளைஞர் இளைஞர்க்கெனப் பாடியவை, ஆனால் முதுமைக்கே முழுப்பொருள் தருபவை. இருபதில் மெட்டுக்காகக் கேட்டவர் அறுபதில் சொல்லுக்காகக் கேட்கிறார். பெரும்பாலான ராக் பாடல்கள் ரசிகரை அவர்தம் பதினெட்டாம் வயதிலேயே நிறுத்தி வைப்பவை. கேட்குந்தோறும் பழைய வகுப்பறைக்கே திருப்பி அனுப்புபவை. இவை அவரோடு கூடவே நடந்து மூப்படைந்தன.

1960-களின் இறுதியில் இக்குழு தன் நிகழ்ச்சிகளைப் பல நேரம் ஒரு பாட்டால் முடித்தது. ‘லைவ் டெட்’ இசைத்தட்டும் வாத்தியமின்றிப் பாடப்படும் அதன் சில அடிகளோடுதான் முடிகிறது. அது இறந்தோர்க்கு இரவு வணக்கம் கூறும் பாட்டு; பகாமா தீவுகளில் வழங்கிய வடிவத்தைக் கேட்டு அவர்கள் கற்றது. அதன் மூலமோ சாரா டவுட்னி என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதி, நம் சபைகள் நன்கறிந்த சாங்கி மெட்டமைத்த அடக்க ஆராதனைப் பாட்டு. பிரசங்கியார் ஸ்பர்ஜனின் அடக்கத்திலும் அது பாடப்பட்டது. பாடியவர்களுள் எவர்க்கும் இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

கடைசியாக ஒரு பதிவு. 1995 ஜூலை 9-ஆம் நாள் சிகாகோவில் கார்சியா பாடிய ‘சோ மெனி ரோட்ஸ்’ என்னும் பாட்டு, 1999-இல் குழுவின் முப்பதாண்டு இசைத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. தொகுப்புக்கும் அப்பெயரே இடப்பட்டது. இசை அளவுகோலால் மட்டும் மதிப்பிட்டால் அதனைத் தொகுப்பிற் சேர்த்திருக்க இயலாது. குரல் உடைந்திருக்கிறது, கிதார் தடுமாறுகிறது, உடன் வாசிப்போர் அவருக்காகக் காத்து நிற்கின்றனர். ஆனால் இறுதியில் பாட்டின் தலைப்பையே திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில், அவர் ஒவ்வொரு முறையும் குரலை ஒரு படி உயர்த்தி, தம்மிடம் இல்லாத மூச்சைக் கொண்டு பாட முயல்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்த ஆர்ப்பரிப்பு அவரைத் தாங்குகிறதா, இன்னும் ஒரு முறை என்று துரத்துகிறதா என்பதை அப்பதிவைப் பலமுறை கேட்டும் என்னால் தீர்மானிக்க இயலவில்லை. அன்றிரவின் இறுதிப் பாட்டைக் கார்சியா பாடவில்லை. பில் லெஷ் பாடினார்: சாகக் கிடந்த தம் தந்தையைக் காணச் செல்லும் வழியிற் பாடிப் பழகுவதற்காக, தாம் அமைத்த மெட்டுக்கு ஹண்டரிடம் சொற்கள் கேட்டு வாங்கிய ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’.